செய்யுளும் செவியும்

யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். எழுத்து அசையாகும், அசை சீராகும், சீர்கள் தளையால் பிணைந்து அடியாகும், அடிகள் எதுகை, மோனை முதலிய தொடையால் பொலிவு பெறும். இவ்வாறு உறுப்புக்களைக் கொண்டு செய்யுளை விளக்குவது அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை. அதற்கு நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியச் செய்யுளியல் 34 உறுப்புக்களைக் கூறிற்று. அங்கே நேர், நிரை, நேர்பு, நிரைபு என அசைகள் நான்கு. காரிகையிலோ நேர், நிரை என்னும் இரண்டே. விரிந்த இலக்கணம், கற்பார் கைக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிய வரலாறு இது.

இவ்வரலாறு மும்பைத் தமிழருக்கு இன்று பயன்படுவதாகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிடுவோர் தாராவிக்கு வந்து குடியேறினர். 1932-ஆம் ஆண்டில் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. இங்ஙனம் வேரூன்றிய குடும்பங்களில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் பிறமொழி பயிலும் பிள்ளைகள் பலர். யாப்பு அவர்களுக்கு எட்டாக்கனியோ எனில், அன்று என்போம்.

அவர்கள் நாள்தோறும் சொல்லும் ஊர்ப்பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ‘தாராவி’ என்பது நேர் நேர் நேர். ஆகவே தேமாங்காய்ச் சீர். ‘செம்பூர்’ நேர் நேர், தேமா. ‘மராத்தி’ நிரை நேர், புளிமா. ‘தாராவி செம்பூர்’ என்றால், காய்ச்சீரின் முன் நேர் வந்து வெண்டளை அமையும். ‘செம்பூர் தாராவி’ என்று மாற்றினால், மாச்சீரின் முன் நேர் வந்து ஆசிரியத்தளை ஆகிவிடும். வெண்பா அதனை ஏலாது. சொற்கள் அவையே, வரிசை மாறியதும் ஓசை மாறுகிறது. தளை என்பது யாதென்று இதனினும் எளிதில் விளக்கல் அரிது.

அயல்மொழிச் சூழலும் இதற்குப் பகையன்று. வார்கரி அடியார்கள் பாடும் பெரிய அபங்கத்தில் நான்கு சரணங்கள் முறையே 6, 6, 6, 4 எழுத்துக்களால் அமையும். காரிகை நூல் பாடப்பெற்ற கட்டளைக் கலித்துறையிலும் எழுத்தெண்ணிக்கை உண்டு. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்க 16 எழுத்து. நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. தனி மெய்யை எண்ணாமை இரு மரபிற்கும் பொது. ஆயினும் தமிழ், எண்ணிக்கையோடு நில்லாமல், சீர்க்கும் சீர்க்கும் இடையே வெண்டளையையும் வேண்டுகிறது. ஆகவே அபங்கம் கேட்டுப் பழகிய பிள்ளைக்குக் கலித்துறையின் கணக்கில் பாதி முன்னரே தெரியும். எஞ்சிய பாதியே நாம் கற்பிக்க வேண்டுவது.

இலக்கணம் ஏட்டில் எழுதப்பெறுமுன் செவியில் இருந்தது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தமிழ்ப் பெண்கள் ஓசையைப் பிழையாது காத்தனர். அச்செவியைப் பிள்ளைகளுக்கு அளிப்போமாயின், அசையும் சீரும் தாமே வந்து சேரும்.