காட்சிக்கூடத்துக்கு வந்த மழலையர் ஆசிரியர்: அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களில் ஒரு பணித்துறை உருவான வரலாறு

அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது இன்று ஊதியமும் பதவிப் பெயரும் உள்ள வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி ஒரு வேலையே கிடையாது. ஓவியத்தின் முன் நின்று விளக்கம் சொல்லும் அருங்காட்சியக மரபும், குழந்தையின் கையில் பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் மழலையர் பள்ளி மரபும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. அவை மெல்ல இணைந்ததன் விளைவே இப்பணித்துறை.

விளக்கும் மரபு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் நிலைபெற்றது. அதன் செயலாளர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மனின் முயற்சியால் 1907இல் அங்கு ‘டோசண்ட்’ என்ற விளக்குநர் பணி தொடங்கியது. பார்வையாளர் எனும்போது பெரியவர்களே நினைக்கப்பட்ட காலம் அது. டொலீடோ கலை அருங்காட்சியகம் அதன் முதல் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் காலத்திலேயே சிறுவர்களை வரவேற்றது. ஆயினும் வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி வயதினர். 1899இல் திறக்கப்பட்ட புரூக்ளின் குழந்தைகள் அருங்காட்சியகத்தை இவ்வரலாற்றின் தொடக்கமாகக் கொள்வதுண்டு. அது இயற்கை அறிவியலில் ஊன்றிய நிறுவனம் என்பதால் கலைக்கல்வியின் தொடக்கமாக அதைக் கொள்வது பொருந்தாது.

மழலையர் மரபு ஐரோப்பாவில் வேர்கொண்டது. ஃபிரெட்ரிக் ஃபுரோபெல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய பணி, மரக்கட்டைகளையும் பந்துகளையும் பாடப்பொருளாக்கியது. வியன்னாவில் ஃபிரான்ஸ் சீஷெக் 1897 முதல் நடத்திய சிறுவர் கலை வகுப்பு, குழந்தையின் ஓவியத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை நிறுவியது.

இவ்விரு மரபுகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் விக்டர் டி’அமிகோ. ஃபீல்ட்ஸ்டன் பள்ளியில் கலை ஆசிரியராக இருந்த அவர், 1937இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பணியை ஏற்று, 1969 வரை அதை நடத்தினார். 1942இல் அவர் தொடங்கிய ‘குழந்தைகளின் கலைத் திருவிழா’வுக்குள் பெற்றோருக்கு அனுமதியில்லை. முதல் அறையில் குழந்தை விளையாட்டுக் கருவிகளை இயக்கி, வண்ணமும் வடிவமும் அசைவும் எவ்வாறு இயங்குகின்றன என்று தானே கண்டறியும். அடுத்த அறையில் அதன் உயரத்துக்கேற்ற ஓவியச் சட்டங்களும், ஒட்டுச்சித்திரத்துக்கான துணி, இறகு, காகிதத் துண்டுகளும் காத்திருக்கும். வண்ணம் நிரப்பும் புத்தகங்களையும் எண்படி வரையும் முறையையும் டி’அமிகோ கடுமையாக எதிர்த்தார். ஆசிரியர் மாதிரி வரைந்து காட்டாமல், பார்த்திருந்து, கேட்கும்போது மட்டும் உதவ வேண்டும் என்பது அவர் நெறி. கலை வரலாறு தெரிந்தவர், வரையத் தெரிந்தவர் என்ற தகுதிகளோடு, குழந்தையை அறிந்தவர் என்ற தகுதியும் அருங்காட்சியகப் பணிக்கு வேண்டும் என்பது இங்கேதான் நடைமுறையாயிற்று. சிறு குழந்தையும் பெற்றோரும் சேர்ந்து பயிலும் வகுப்புகளையும் அவர் நடத்தினார். 1952-53இல் அவரது தொலைக்காட்சித் தொடர் இம்முறையை வீடுகளுக்குக் கொண்டுசென்றது.

திருவிழா 1957இல் மிலானுக்கும் பார்சிலோனாவுக்கும், 1958இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சிக்கும் சென்றது. 1963இல் அதன் ஒரு வடிவம் இந்தியாவுக்கு அன்பளிப்பாக வந்து, புதுடெல்லி தேசியக் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. 1969இல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஓவியர் பெட்டி பிளேட்டன்-டெய்லரின் தலைமையில் அது வேரூன்றியது. கறுப்பினக் கலைஞர்கள் அக்கம்பக்கக் குழந்தைகளுக்குக் கற்பித்தபடியே வாழ்க்கைத்தொழில் அமைத்துக்கொள்ள இது வழிவிட்டது.

1980களில் வேறொரு போக்கு எழுந்தது. அபிகெயில் ஹௌசனும், நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்வி இயக்குநராக இருந்த ஃபிலிப் யெனவைனும் ஓவியத்தைப் பார்த்து உரையாடும் முறையொன்றை வகுத்தனர். படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்பதே அதன் அடிப்படை. பள்ளி மாணவரிடம் இது நன்கு பலித்தது. பேச்சை நம்பி நடக்கும் இம்முறை, சொல் இன்னும் கைவராத இரண்டு வயதுக் குழந்தைக்குத் தனியே போதாது. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரக் கண்காட்சி அமெரிக்காவைச் சுற்றிவந்தது. லோரிஸ் மலகுஸ்ஸி வழிநடத்திய அந்நகர மழலையர் பள்ளிகளில் ஓவியர் ஒருவர் பட்டறையோடு நிரந்தரமாகப் பணியாற்றினார். களிமண்ணும் வண்ணமும் ஒளியும் குழந்தையின் மொழிகளே என்ற அப்பள்ளிகளின் அணுகுமுறை, உரையாடல் முறை விட்ட இடைவெளியை நிரப்பியது.

தீர்மானமான திருப்பம் 1988இல் வாஷிங்டனில் நிகழ்ந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் அவ்வாண்டு மழலையர் செறிவூட்டல் மையம் தொடங்கப்பட்டது. ஷரோன் ஷேஃபர் அதன் தொடக்ககால இயக்குநர். டி’அமிகோவின் திருவிழாவுக்குக் குழந்தைகள் விருந்தாளிகளாக வந்து போனார்கள்; இங்கோ அன்றாடம் வருபவர்கள். கைக்குழந்தைகள் முதல் கிண்டர்கார்டன் வயதினர் வரை பயிலும் இம்மையத்தின் ஆசிரியர், வட்டம் பற்றிய பாடத்துக்குக் குழந்தைகளைக் காட்சிக்கூடத்துக்கே நடத்திச் செல்லலாம். அருங்காட்சியகங்களின் நடுவே இயங்கும் பள்ளி என்பதால் பணிக்கு முழுநேர ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். பிற பள்ளி, அருங்காட்சியக ஊழியர்களுக்கும் மையம் பயிற்சியளித்தது.

தகுதிப் படிப்புகளும் உருவாயின. 1916இல் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்த நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரி, அருங்காட்சியகக் கல்வியில் முதுகலைப் படிப்பு அமைத்தது. மாணவர் வகுப்பறையிலும் அருங்காட்சியகத்திலும் பயிற்சி பெற்று, ஆசிரியர் உரிமத்துக்கும் தகுதி பெறுவார். இந்த இரட்டைத் தகுதியே இத்துறையின் உண்மையான மூலதனம்: ஒரு பக்கம் வேலை சுருங்கினால் மறுபக்கம் செல்லலாம்.

அப்பாதுகாப்பு தேவைப்படும் துறைதான் இது. டோசண்ட் பணி காலப்போக்கில் பெரும்பாலும் வசதியான தன்னார்வலர்களின் கைக்குப் போனதால், கற்பித்தலுக்குச் சம்பளம் எதற்கு என்ற மனநிலை நிர்வாகங்களில் படிந்தது. இதற்கு எதிர்த்திசையில், 2021இல் சிகாகோ கலை நிறுவனம் தன்னார்வ டோசண்ட் முறையை நிறுத்தி, ஊதியம் பெறும் கல்வியாளர்களை நோக்கித் திரும்பியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. ஆனால் ஊதியப் பணியும் உறுதியானதல்ல: அதற்கு ஓராண்டு முன்பு, 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் கதவடைத்திருந்த நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் ஒப்பந்தக் கல்வியாளர்கள் அனைவரின் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது.