சட்டமன்றத் தீர்மானத்தால் அயல்நாட்டு உறவு மாறுமா?

ஆயர் குரோ – மலாக்கா மாநிலச் சட்டமன்றம் இங்குள்ள ஸ்ரீ நெகிரி வளாகத்தில் கூடுகிறது. வெளிநாட்டு விவகாரத்தில் அது ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினாலும் புத்ராஜெயா அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணைப்படி வெளியுறவு மத்திய அரசின் பொறுப்பு. இந்தியாவிலும் இதே நிலைதான்.

அப்படியென்றால் இத்தகைய தீர்மானங்களால் பயனே இல்லையா? ஈழத் தமிழர் விவகாரத்தில் தமிழ்நாடு கண்ட அனுபவத்தைப் பார்ப்போம்.

இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதை நிறுத்த வேண்டும், பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும், தனி ஈழம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடத்த ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் வலியுறுத்த வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2013 மார்ச் 27இல் தீர்மானித்தது. முன்மொழிந்தவர் முதல்வர் ஜெயலலிதா. புதுடில்லி எதையும் ஏற்கவில்லை. வர்த்தகம் வழக்கம்போல் நடந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 24இல், கொழும்பு காமன்வெல்த் மாநாட்டை இந்தியா முற்றாகப் புறக்கணிக்கக் கோரி மற்றொரு தீர்மானம் வந்தது. அப்போது நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை; வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அதையும் தேர்தல் கணக்கே பெற்றுத் தந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கனடாவில் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்று 2022இல் நாடாளுமன்றமே தீர்மானித்தது. அதற்கும் சட்ட வலு கிடையாது. ஆனால், மறு ஆண்டு அந்நாளில் பிரதமர் ட்ரூடோ அறிக்கை விட்டதும் கொழும்பு, கனடியத் தூதரை அழைத்து ஆட்சேபம் தெரிவித்தது. மகிந்த, கோத்தபய ராஜபக்சே மீது 2023 ஜனவரியில் கனடா விதித்த தடையோ, அரசாங்கம் தனிச் சட்டத்தின்கீழ் எடுத்த முடிவு.