ரெண்டு கில்டன்

எங்க விருத்தாசலம் பீங்கான் ஊருங்க. மண்ணு சரியில்லேன்னா சூளை என்னதான் நல்லா இருந்தாலும் சாமான் விரிசல் விட்டுடும். போர்க்கப்பல் கதையும் கிட்டத்தட்ட அதேதான்.

1971 டிசம்பர் 4 ராத்திரி கராச்சியைத் தாக்கப் போன ஏவுகணைப் படகுகளுக்குத் துணையாப் போனதுல ஒண்ணு ஐ.என்.எஸ். கில்டன். சோவியத் நாட்டுல வாங்கின கார்வெட். 2017-ல அதே பேர்ல இன்னொரு கார்வெட் கடற்படையில சேர்ந்துச்சு. இது கமோர்ட்டா வகையில மூணாவது கப்பல். வடிவமைச்சது நம்ம கடற்படை, கட்டினது கொல்கத்தா ஜி.ஆர்.எஸ்.இ. தளம்.

இதுல எனக்குப் பெருசாத் தெரியறது உருக்குதான். முன்னெல்லாம் போர்க்கப்பல் தகடு வெளிநாட்டுலேர்ந்து வரணும். வராட்டி வேலை நிக்கும். ஹைதராபாத் டி.எம்.ஆர்.எல். ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து டி.எம்.ஆர். 249ஏ உருக்கைக் கொண்டு வந்த பிறகுதான் அந்தக் கவலை தீர்ந்துச்சு. எல்லாமே நம்மளதுன்னு சொல்லிட முடியாது. கமோர்ட்டா வகையோட டீசல் இஞ்சின் பிரெஞ்சு வடிவமைப்பு, உரிமம் வாங்கி இங்க செஞ்சது.

2025-ல சேர்ந்த ஐ.என்.எஸ். அர்னாலா, கரையோரக் கடல்ல நீர்மூழ்கியைத் தேடற சின்னக் கப்பல். ஜி.ஆர்.எஸ்.இ.யும் எல் அண்ட் டியும் சேர்ந்து நம்ம காட்டுப்பள்ளியில கட்டினது. அந்தப் பேரும் பழைய சோவியத் கப்பலோடதுதான்! அங்க வேலை பாத்த நண்பர்கள் யாராவது இருந்தா எழுதுங்களேன்.