பணியும் பாடமும்: மலாயாத் தமிழாசிரியர் வரலாற்றில் ஓர் இழை

தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கையையும் கல்விச் சட்டங்களையும் வரிசைப்படுத்துவர். அப்பள்ளிகளில் கற்பித்தவர் எவ்வாறு பணிக்கு வந்தார், எந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு கற்பித்தார் என்னும் இரு வினாக்களும் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆசிரியரை நியமித்தவர் யார் என்பதே, அவர் தம் பாடத்தை யாரோடு பகிர்ந்துகொள்ள இயலும் என்பதையும் பெருமளவு முடிவுசெய்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அத்தொடர்பு எவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பினாங்கு இலவசப் பள்ளியோடு இணைந்து 1816ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்வது மரபு. சிங்கப்பூரில் 1834இல் திறக்கப்பட்ட இலவசப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு இருந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. தமிழ்ப்பள்ளிகள் பெருகியது ரப்பர்த் தோட்டங்களோடுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்னும் கடப்பாட்டை 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை வலியுறுத்தியது.

சட்டம் பள்ளியைக் கேட்டது. ஆசிரியரின் தகுதியைப் பற்றி அது கவலைப்படவில்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் ஆசிரியராகலாம் என்னும் நிலை உருவாயிற்று. கங்காணியோ, கிராணியோ, ஓரளவு எழுத்தறிந்த தொழிலாளியோ பல தோட்டங்களில் அப்பணியைச் செய்தனர். காலையில் தோட்ட வேலை, பிற்பகலில் பள்ளி என்று இரண்டையும் சுமந்தவர் பலர். முறையாகக் கற்று வந்தவர்களும் இருந்தனர். ஆயினும் அவர்களும் பணியைப் பெற்றது உறவினர் சொல்லாலோ, ஊர்க்காரர் பரிந்துரையாலோ, தோட்டத் துரையின் விருப்பத்தாலோதான். அப்பணி நீடிப்பதும் அவ்விருப்பத்தையே சார்ந்திருந்தது. ஊதியத்தைத் தோட்ட நிருவாகம் கொடுத்தது. குடியிருப்பும் நிருவாகத்துக்கு உரியது. வேலை போனால் வீடும் போயிற்று. அத்தகைய ஆசிரியர் தம் பள்ளியின் குறைகளை வெளியில் சொல்வது எளிதன்று.

வகுப்பறையில் அவர் கையில் இருந்த நூல் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்தது. சென்னை மாகாணத்துப் பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட வாசகங்களில் காவிரியும் வைகையும் ஓடின. கணக்குகளில் ரூபாயும் அணாவும் வழங்கின. பேராக் ஆற்றங்கரையில் வாழ்ந்து, வெள்ளியையும் காசையும் எண்ணிப் பழகிய பிள்ளைக்கு அந்நூலை ஆசிரியரே மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அணாவைக் காசாக்கியும், நெல்வயலுக்குப் பதில் பால்மரக் காட்டைக் காட்டியும் அவர் செய்த வேலையே இந்நாட்டுத் தமிழ்ப் பாடநூலின் முதல் வரைவு எனலாம்.

ஆனால் அவ்வரைவு எங்கும் பதிவாகவில்லை. ஒரு தோட்டத்திற்கும் அடுத்த தோட்டத்திற்கும் இடையே தொலைவு மிகுதி. பல பள்ளிகளில் இருந்தவர் ஒரே ஆசிரியர். ஒரு பள்ளியில் நடந்த பாடம் இன்னொரு பள்ளிக்குப் பொருந்த வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. ஏனெனில் இரண்டுக்கும் பொதுவான பாடத்திட்டம் இல்லை. ஓர் ஆசிரியர் விலகியபோது, அவர் பல்லாண்டு முயன்று கண்ட கற்பித்தல் வழிகளும் அவரோடு சென்றன. அடுத்து வந்தவர் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கினார். தோட்டப் பள்ளிகளின் தேக்கத்துக்கு வறுமையைக் காரணமாகக் கூறுவது வழக்கம். அது உண்மையே. ஆயினும் ஆசிரியரின் தனிமையையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1951இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழிகளாக அமையும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தாய்மொழிப் பள்ளிகளின் எதிர்காலமே கேள்விக்குள்ளானபோது, அங்குப் பணியாற்றியவரின் வாழ்வும் உடன் கேள்விக்குள்ளாயிற்று. அதே 1951இல் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் தோன்றியது. ஒரு பள்ளியின் ஆசிரியர் இன்னொரு பள்ளியின் ஆசிரியரைத் தம் தொழில்முறைத் தோழராகக் கண்டு பேசுவதற்கு ஓர் இடம் கிடைத்தது.

ஏடுகளும் இவ்விணைப்புக்கு உதவின. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, ஐம்பதுகளில் மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக மாணவர் எழுத்துக்கு இடமளித்தது. பிள்ளைகளின் எழுத்தை வெளியிட்ட அப்பக்கம் ஆசிரியர்களுக்கும் பயன்பட்டிருக்கும் என்று கருத இடமுண்டு. வேறு பள்ளியின் மாணவர் எவ்வாறு எழுதுகிறார் என்பதைத் தம் வகுப்புக்கு எடுத்துக்காட்ட அது ஒரு வாய்ப்பு.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதன் வழிவந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் மலாயாவில் இரு மாற்றங்களைக் கொணர்ந்தன. ஒன்று, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான உள்ளடக்கம் கொண்ட பாடத்திட்டம். மற்றொன்று, உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் அனைவரையும் ஒரே பணிமுறையின்கீழ்க் கொண்டுவரும் கொள்கை. இவ்விரண்டையும் தனித்தனிச் சீர்திருத்தங்களாகவே நாம் படிக்கிறோம். வகுப்பறையில் அவை ஒன்றாகவே விளைந்தன. பாடத்திட்டம் பொதுவானபோது, கெடாவில் ஓர் ஆசிரியர் அமைத்த பயிற்சி ஜொகூரில் உள்ளவருக்கும் பயன்படும் தகுதியைப் பெற்றது. பணிமுறை பொதுவானபோது, அவ்விருவரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவராயினர். மலாயாவின் மண்ணையும் மக்களையும் பேசும் தமிழ்ப் பாடநூல்கள் எழுதப்பட்டதும் இதன் தொடர்ச்சியே. மலேசியாவில் 1974இல் கல்விச் சேவை ஆணையம் நிறுவப்பட்டபின், நியமனம் ஒரு தேசிய அமைப்பின் பொறுப்பாயிற்று.

இதனால் குறைகள் யாவும் நீங்கிவிட்டன என்று கொள்ளலாகாது. பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்களை நம்பித் தமிழ்ப்பள்ளிகள் நெடுங்காலம் இயங்கின. ஆண்டுதோறும் இடம் நிச்சயமில்லாதவர், அடுத்த ஆண்டுக்கெனப் பாடப்பொருள் சேர்த்து வைக்க மாட்டார். நிலையற்ற பணி, நிலையற்ற பாடத்தையே தரும் என்னும் தோட்டக் காலத்துப் பாடம் இங்கும் பொருந்துகிறது.

சிங்கப்பூரின் வரலாறு வேறு வழியில் சென்றது. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு அங்குத் தமிழ்வழிப் பள்ளிகளின் காலம் முடிவுற்றது. தமிழ் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படும் பள்ளிகளில் தமிழாசிரியர் பரவலாக அமர்ந்தனர். பணிப் பாதுகாப்பு இருந்தது. ஊதியமும் முறையாக இருந்தது. ஆயினும் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் மிகச் சிலரே. பழைய தோட்ட ஆசிரியரின் தனிமை, நகரப் பள்ளியின் ஆசிரியர் அறையில் வேறு வடிவில் மீண்டது. அவ்வகையில், 1983இல் உருவான உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தின் பங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சொந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்க்குக் கற்பிக்கும் இடமாக மட்டுமன்றி, சிதறியிருந்த ஆசிரியர்கள் கூடும் மையமாகவும் அது விளங்கியது.

இன்றைய நிலைக்கு வருவோம். 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பர். இன்று மலேசியாவில் ஏறத்தாழ 530 உள்ளன. அவற்றுள் பல, 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகள். மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பிக்கும் முறையும் உண்டு. அங்குள்ள ஆசிரியர் ஒரே நேரத்தில் இரு பாடங்களுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். அதே ஆண்டுக்குக் கற்பிக்கும் வேறோர் ஆசிரியர் அப்பள்ளியில் இல்லை. பெரிய பள்ளியில் ஐவர் பகிர்ந்து செய்யும் பணியை அவர் ஒருவரே செய்கிறார். பயிற்சித் தாள்களும் வினாத் தொகுப்புகளும் பாடக்குறிப்புகளும் பள்ளிகளுக்கிடையே கைமாறுவது பெரிய பள்ளிக்கு ஒரு வசதி. சிறிய பள்ளிக்கோ அது பாடம் நடப்பதற்கான நிபந்தனை.

ஆசிரியர் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றை மனத்திற்கொள்ளலாம். நியமனக் கடிதம் பெறுவதோடு பணி கிடைத்துவிடுகிறது. அப்பணிக்குரிய அறிவு, முன்னிருந்தவர் விட்டுச்சென்ற கோப்பிலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியரின் கைக்குறிப்பிலும் இருக்கிறது. மாற்றலாகிச் செல்லும் நாளில், பயன்பட்ட பாடங்களையும் பயன்படாதவற்றையும் குறிப்போடு தொகுத்து அடுத்தவர் மேசையில் வைத்துவிட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடையே உறுதிப்பட வேண்டும். நூறாண்டுக்கு முன் தோட்டத்துப் பலகை வீட்டில் அணாவைக் காசாக்கிக் கற்பித்தவருக்கு அதைப் பெற்றுக்கொள்ள ஒருவரும் இல்லை. நமக்கு இருக்கிறார்கள்.