இரண்டாம் வாரத் தீர்ப்பு

புதுப்படம் வெளியான முதல் மூன்று நாளைக்கு யாரும் அதைப் பற்றி இணையத்தில் விமர்சனம் வெளியிடக் கூடாது என்று உத்தரவிடுமாறு, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. அதற்குச் சில நாள் முன்புதான், ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ படங்களைச் சுட்டிக்காட்டி, படம் பார்த்துவிட்டு வருபவர்களிடம் யூடியூப்காரர்கள் மைக் நீட்டுவதற்குத் தியேட்டர் வளாகத்தில் இடம் கொடுக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து அறிக்கை வந்திருந்தது. விமர்சனம் கருத்துரிமையில் அடங்கும் என்று சொல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. மத்திய, மாநில அரசுகளும் யூடியூப் நிறுவனமும் பதிலளிக்க நோட்டீஸ் அனுப்பியது. இந்த வழக்கில் யோசிக்க வைப்பது மூன்று நாள் என்ற கணக்குதான். ஒரு வாரமோ ஒரு மாதமோ கேட்கவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு தாண்டினால் போதும், அதன்பின் யார் எதைச் சொன்னாலும் கவலையில்லை என்று ஒரு தொழிலே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் எந்தத் தயாரிப்பாளரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். சாமானிய ரசிகனின் வாய்ப்பேச்சு அன்று படத்தின் எதிரியாக இருக்கவில்லை. செலவில்லாமல் கிடைத்த விளம்பரமாகத்தான் பெரும்பாலும் இருந்தது. அந்த ரசிகன் இன்றும் அதே ஆள்தான். அவன் பேச்சு வேலை செய்வதற்குக் கிடைத்துவந்த கால அவகாசம்தான் சுருங்கிப் போயிருக்கிறது.

அந்த அவகாசம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1905 வாக்கில் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவியும் கூடாரமுமாக ஊர் ஊராகப் போன நாளிலிருந்து, தமிழ்நாட்டில் படம்தான் ஊரைத் தேடி வந்தது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கிய பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. பிரதி எடுப்பது செலவு பிடித்த காரியம். ஒரு படத்துக்குச் சில பத்துப் பிரதிகள் போட்டாலே அதிகம். அவை முதலில் சென்னை, மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் ஓடும். அங்கே கூட்டம் குறைந்த பிறகு தாலுகா தலைநகரங்களுக்கு வரும். கடைசியில், கோடு விழுந்து, அறுந்த இடத்தில் ஒட்டுப்போட்டு, மாதங்கள் கழித்து டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரும். விநியோகஸ்தர்கள் சொன்ன ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்ற பாகுபாடு வெறும் ஊர்ப் பட்டியலாக நிற்கவில்லை. அது ஒரு காலவரிசையும்கூட. படப்பெட்டி வருவதற்கு வெகு முன்பே படத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடும். சந்தைக்குப் போய் வந்தவர், டவுனில் படித்த பையன், லாரி ஓட்டுநர், கல்யாணத்துக்கு வந்த மதுரை உறவினர் என்று எத்தனையோ பேர் வழியாக அது வந்தது. மாட்டுவண்டியில் கொட்டு அடித்து நோட்டீஸ் வீசிப் போகிறவன் ‘இன்று முதல்’ என்று அறிவிக்கும்போது, படம் பார்க்கலாமா வேண்டாமா என்று ஊர் ஏற்கெனவே பாதி முடிவு செய்திருக்கும். மீதி முடிவைத் தரை டிக்கெட்காரர்கள் முதல் ஆட்டம் விட்டதும் டீக்கடையிலும் சலூனிலும் சொல்லிவிடுவார்கள்.

எழுத்தில் விமர்சனம் இல்லாமல் இல்லை. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் சங்கீதத்தையும் நாடகத்தையும் எடைபோட்ட கல்கி சினிமாவையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய கிண்டலுக்கு முதலாளிகள் அஞ்சினார்கள். 1942இல் தொடங்கிய ‘பேசும் படம்’ போன்ற தனிப் பத்திரிகைகளும் பின்னால் வந்தன. விகடன் படங்களுக்கு மதிப்பெண் போட்ட காலத்தில், 1977இல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 மதிப்பெண் இன்னும் பேசப்படுகிறது. பரீட்சைத் தாள் திருத்துவது போல அரை மதிப்பெண் வரை கணக்குப் பார்த்ததில் ஒரு வாத்தியார்த்தனம் இருந்தது. வாசகர்களுக்கும் அது பிடித்திருந்தது. ஆனாலும் இவை எல்லாமே வார, மாத இதழ்கள். விமர்சனம் அச்சாகி ஊருக்கு வருவதற்குள் ஓடுகிற படம் ஓடிக்கொண்டிருக்கும், படுத்த படம் படுத்திருக்கும். தவிர, டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் விகடன் வாசகர்கள் அல்லர். தமிழ் சினிமா விமர்சன வரலாற்றை அச்சிலிருந்து மட்டும் எழுதுகிறவர்கள் இந்த மணல்தரையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். படத்தின் தலைவிதியை எழுதியது அங்கே நடந்த பேச்சு.

அந்தப் பேச்சுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: அது தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். முதல் நாள் கூட்டத்தின் கருத்து ஒன்று. அதைக் கேட்டு ஒதுங்கியிருந்து, பிறகு ஏதோ காரணத்தால் போய்ப் பார்த்தவர்களின் கருத்து வேறொன்று. இந்த இரண்டாவது கருத்து உருவாக வாரக்கணக்கில் நாளாகும். 1978இல் வந்த ‘முள்ளும் மலரும்’ முதல் சில வாரம் காற்றாடியது. வசனத்தைக் குறைத்து முகத்தையும் மௌனத்தையும் நம்பிய படம் அது. ரஜினிகாந்திடம் ஸ்டைலை எதிர்பார்த்துப் போனவர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் வெளியே வந்தார்கள். பிறகு மெல்லக் கூட்டம் சேர்ந்து நூறு நாளைத் தொட்டது. 1980இல் ‘ஒரு தலை ராகம்’ புதுமுகங்களை வைத்து வந்தபோது ஆரம்பத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கல்லூரி மாணவர்கள் வாயிலாகச் செய்தி பரவி அது அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்றானது. ‘சேது’வின் கதை இன்னும் கடினம். வாங்க ஆளில்லாமல் நெடுநாள் பெட்டிக்குள் கிடந்து, 1999 டிசம்பரில் மிகக் குறைந்த காட்சிகளோடு ஒப்புக்கு வெளியான படம், பார்த்தவர் சொல்லிச் சொல்லியே நூறு நாளைத் தாண்டியது. நடிகர் விக்ரம், இயக்குநர் பாலா இருவருடைய திரைவாழ்க்கையும் அந்தப் பேச்சில் எழுந்து நின்றது. இந்த மூன்று படங்களையும் முதல் மூன்று நாள் வசூலை வைத்து அளந்திருந்தால் மூன்றுமே தோல்விப் படங்கள்தான்.

முதல் மூன்று நாளில் தியேட்டருக்குப் போகிறவர்கள் யார் என்பதும் இதோடு சேர்ந்தது. பெரிய நடிகர் படத்தின் முதல் காட்சி அன்றும் இன்றும் பெரும்பாலும் இளைஞர்களான ஆண்களுடையது. பெண்களும் வயதானவர்களும் குழந்தைகளோடு வருகிற குடும்பங்களும் விசாரித்துவிட்டு, நெரிசல் தணிந்த பிறகுதான் வருவார்கள். ‘தாய்க்குலத்தின் பேராதரவு’ என்று பத்திரிகை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது வழக்கமாக இருந்ததே, அதைப் பலர் கேலியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது விநியோகஸ்தரின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்த சொல். படம் நூறு நாள் போகுமா என்பதைப் பெண்கள் வரும் வாரம்தான் சொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். 1989இல் ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியதை வெறும் ரசிகர் மன்றக் கூட்டத்தை வைத்து விளக்க முடியாது. தீர்ப்பு முதல் மூன்று நாளுக்குள் முடிந்துவிடும் இன்றைய ஏற்பாட்டில், யாரைக் கேட்காமல் தீர்ப்பு எழுதப்படுகிறது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பழைய ரசிகனை ஏதோ ஞானியாகக் காட்டுகிறீர்களே, நல்ல படத்தைக் கொன்றதும் அவன்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாமல் வந்தது. சிவாஜி கணேசன் ஆரம்பத்திலேயே சுடப்பட்டு இறக்கிறார்; கதை போகப் போக அவர் தேசத்துரோகி என்று தெரிகிறது. இரண்டு டஜன் பாட்டுக்குப் பழகியிருந்தவர்கள் ஏமாந்து போனார்கள், படம் தோற்றது. அந்தத் தீர்ப்பு பிசகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு மேல்முறையீடு இருந்தது. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகு ஏவி. மெய்யப்பன் படத்தை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார். எழுபது ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 23இல், பின்னணி இசையே இல்லாமல் ‘கொட்டுக்காளி’ வந்தது. பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட படம். இதைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று திரையுலகுக்குள்ளிருந்தே குரல் எழுந்தது. ரசிகனின் பொறுமையின்மை இரண்டு காலத்திலும் ஒன்றுதான். ‘அந்த நாள்’ திரும்பி வர ஒரு தியேட்டர் இருந்தது. ‘கொட்டுக்காளி’ போன்ற ஒரு படத்துக்கு இரண்டாவது வாரத்தில் காலைக் காட்சி கிடைப்பதே பெரிய காரியம்.

வாய்ப்பேச்சு என்பதே பிழைபடக்கூடியது, தொழிலில் இருப்பவர்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள் என்றொரு எண்ணமும் உண்டு. எம்.ஜி.ஆர். திரையில் இறந்தால் படம் ஓடாது என்பது தொழில் வட்டாரத்தின் வேதவாக்கு. 1956இல் ‘மதுரை வீரன்’ படத்தில் அவர் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறார். அது அவருடைய மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று. கிராமத்துக் கூத்திலும் கதைப்பாடலிலும் அந்தச் சாவை ஏற்கெனவே அறிந்திருந்த கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. தொழில் தன் ரசிகனைப் பற்றி உண்டாக்கி வைத்திருக்கும் சூத்திரங்களைவிட ரசிகன் எப்போதும் கொஞ்சம் சிக்கலானவன்.

இன்றைய விமர்சகர்களில் பாதிப்பேர் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள், பகையை வைத்துப் படத்தை அடிக்கிறவர்கள் என்பது தயாரிப்பாளர்களின் வாதம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் இது இணையம் பெற்ற பிள்ளை அல்ல. 1940களில் ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ பத்திரிகைகளை நடத்திய லட்சுமிகாந்தன் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்தார். 1944 நவம்பரில் அவர் கொல்லப்பட்ட வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, 1947இல்தான் விடுதலையானார்கள். அவ்வளவு நஞ்சு கக்கிய எழுத்தாலும் பாகவதரின் படத்தைச் சாய்க்க முடியவில்லை. அவர் கைதான பிறகும் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று அதற்குப் பெயர். அவதூறுக்கு எதிராகச் சட்டம் செய்ய முடியாததை, படம் நீண்ட நாள் ஓடிய ஓட்டமே செய்தது. பொய் சொன்னவனைப் பொய்யன் என்று நிரூபிக்க அடுத்த வாரத்துக் கூட்டம் இருந்தது.

அந்த அடுத்த வாரம் எப்படிக் காணாமல் போனது? 2000களின் நடுவில் க்யூப் போன்ற டிஜிட்டல் திரையிடல் முறைகள் வந்தன. பிரதிச் செலவு விழுந்தது. பெட்டி தூக்கிப் போகும் வேலையும், பெட்டிக்கு மாலை போட்டு ஊர்வலம் விடும் கொண்டாட்டமும் முடிந்தன. சென்னையும் சி சென்டரும் ஒரே காலையில் ஒரே படத்தைப் பார்த்தன. அது ஒருவகையில் சமத்துவம்; கோடு விழுந்த பிரதியைப் பார்ப்பது கிராமத்தானின் தலையெழுத்து என்று இருந்தது மாறியதை யாரும் குறை சொல்ல முடியாது. கூடவே திருட்டு விசிடி பயமும் சேர்ந்துகொள்ள, கிடைக்கிற திரைகளையெல்லாம் பிடித்து முதல் வார இறுதியிலேயே போட்ட பணத்தை எடுத்துவிடுவது என்பது தொழிலின் கணக்காயிற்று. பேச்சு முந்தி, படம் பிந்தி என்றிருந்த வரிசை கலைந்து இரண்டும் ஒன்றாக வந்து இறங்கின. கடைசியாக ஓடிடி வந்தது. 2024 ஜூன் 14இல் வெளியாகி நன்றாக ஓடிய ‘மகாராஜா’கூட நான்கே வாரத்தில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. எட்டு வாரமாவது பொறுங்கள் என்று தியேட்டர்காரர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மறுபக்கம், நம் பேச்சுக்கு மூன்று நாள்தான் மதிப்பு என்று தெரிந்துவிட்ட ரசிகன், இடைவேளையிலேயே போனை எடுத்துக் கத்திப் பேசத் தொடங்கினான். அந்தக் கத்தலை நானும் ரசிக்கவில்லை. ஆனால் அவனை அவசரப்படுத்தியது யார்?

‘லப்பர் பந்து’, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ மாதிரிப் படங்கள் வாய்ப்பேச்சில் ஜெயிக்கவில்லையா என்பது கடைசி மறுப்பு. ஜெயித்தன. 2025 மே 1இல் சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு ஒரே நாளில் வந்தும், இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சொன்ன ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ நாளுக்கு நாள் காட்சிகளைக் கூட்டிக்கொண்டு போனது. கவனித்துப் பார்த்தால் இவை முதல் காட்சியிலேயே பிடித்துப் போகிற படங்கள்; பேச்சு உடனே நல்லதாக இருந்ததால் பிழைத்தவை. மெல்லப் பிடிக்கிற ‘முள்ளும் மலரும்’ வகைக்கு இது பதிலாகாது. அவற்றுக்கு ஓடிடி இருக்கிறதே என்றால், 2003 பொங்கலுக்கு வந்து தோற்ற ‘அன்பே சிவம்’ பிறகு தொலைக்காட்சியில் கொண்டாடப்பட்டதை நினைத்துப் பார்க்கலாம். அந்தக் கொண்டாட்டம் படத்தின் பெயரைக் காப்பாற்றியது, போட்ட பணத்தைத் திருப்பித் தரவில்லை. அப்படிப்பட்ட இன்னொரு படத்துக்கு முதல் போட யாருக்கும் தெம்பு வராது.

ஆகவே மூன்று நாள் மௌனம் கேட்பதைவிட மூன்று வாரம் திரை கேட்பது தயாரிப்பாளர்களுக்கே லாபம். 2024 செப்டம்பர் 27இல் வந்த ‘மெய்யழகன்’ நீளம் என்று முதல் காட்சிகளில் பேச்சு வந்தது. சில நாளுக்குள் 18 நிமிடத்தை வெட்டினார்கள். அடுத்த மாதமே அது ஓடிடியில் வந்தபோது, தமிழ் தெரியாத ஊர்களிலும் இரண்டு பேர் விடிய விடிய உட்கார்ந்து பேசும் அந்தப் பொறுமைக்காகவே அதைப் பாராட்டினார்கள். அதற்குள் தியேட்டர்களில் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது.