தணிப்பு மருந்தும் பதியாத நினைவும்

எண்டோஸ்கோபிப் பரிசோதனைக்காக வயிற்றினுள் குழாய் செலுத்தப்படும் நோயாளர்களுக்கு மிடசோலம் என்னும் மருந்து ஊசி மூலம் ஏற்றப்படுவதுண்டு. அவர்கள் வைத்தியருடன் பேசுவார்கள். திரும்பிப் படுக்கச் சொன்னால் படுப்பார்கள். வீடு திரும்பிய பின்னர் அவற்றில் பெரும்பாலானவை ஞாபகத்தில் இருப்பதில்லை. மறந்துவிட்டார் என்கிறோம். உண்மையில், மறப்பதற்கு அங்கு எதுவும் பதிந்திருக்கவில்லை.

மிடசோலமும், 1963 இல் வேலியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த டயசிபாமும் பென்சோடயசிபைன் குடும்பத்தைச் சேர்ந்தவை. நரம்புக் கலங்களின் தூண்டலைக் கட்டுப்படுத்தும் காபா என்னும் மூளை இரசாயனத்தின் செயலை இவை வலுப்படுத்துகின்றன. குளோரைட்டு அயன்கள் கூடுதலாகக் கலத்தினுள் புக, கலம் அடங்குகிறது. பதற்றம் தணிவதும் உறக்கம் வருவதும் இதனாலேயே. ஆயின், புதிய அனுபவங்களை நிலையான நினைவாக்கும் ஹிப்போகம்பஸ் பகுதியும் கூடவே அடங்கிவிடுகிறது. விரைவாகத் தொடர்ந்து தூண்டப்படும் நரம்பிணைப்புகள் அங்கு நீடித்து வலுப்பெறுவதை பிளிஸ், லோமோ ஆகியோர் 1973 இல் முயலின் மூளையில் கண்டு வெளியிட்டனர். நினைவின் அடிப்படை அதுவெனவே கருதப்படுகிறது. இம்மருந்துகள் அந்த வலுப்பெறுதலைத் தடுக்கின்றன. முன்னரே பதிந்த பழைய நினைவுகளுக்கோ ஊறு நேர்வதில்லை.

ஆகவே, பரிசோதனை முடிந்து தெளிவாகத் தலையசைக்கும் நோயாளியிடம் மாத்திரம் முடிவையும் மருந்து விபரத்தையும் கூறியனுப்புவதில் பயனில்லை. உடன் வந்தவரிடமும் கூற வேண்டும். எழுதியும் கொடுக்க வேண்டும். இக்குடும்ப மருந்தை உறக்க மாத்திரையாக எடுக்கும் முதியவர், எடுத்தது நினைவிராமல் மீண்டும் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. மாத்திரைகள் வீட்டில் வேறொருவர் பொறுப்பில் இருப்பது நல்லது.