தண்ணீர் வந்தது, பேருந்து வரவில்லை

2021 மே 8 அன்று தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. மே 10 அன்று முழு ஊரடங்கு வந்து பேருந்துகள் நின்றன. ஜூன் 12 அன்று குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கப்பட்டது. சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் ஜூன் 21 அன்று பேருந்துகள் மீண்டும் ஓடின. தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு ஜூலை 5 அன்றுதான் பேருந்து வந்தது. அவற்றில் நான்கு நம் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை.

வேளாண் வேலைக்கு விலக்கு இருந்தது. வேலைக்குப் போக வண்டி இல்லை. பைக் வைத்திருந்த நிலக்காரர் வயலுக்குப் போய்வந்தார். நடவுக்குப் போகும் நம் பெண்கள் நடந்தார்கள், அல்லது சரக்கு ஆட்டோவில் நெருக்கியடித்து நின்றார்கள். கூட்டம் கூடாது என்று போட்ட விதி கூலிக்காரரை அதைவிடப் பெரிய நெரிசலுக்குள் தள்ளியது.

முந்தைய ஆண்டு, 2020இல், மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். திருமணம், இறப்பு, அவசர மருத்துவம் என்று காரணம் காட்டி, ஆவணங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். செப்டம்பர் 1 முதல்தான் மாநிலத்துக்குள் அது நீக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 73. திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். எழுதப் படிக்கத் தெரியாத தாய், இறந்த மகளைப் பார்க்கப் போவதற்கும் யாரோ ஒருவருடைய செல்போனை நம்பியிருக்க வேண்டும் என்பதே அந்த விதியின் பொருள்.

பாதை நமக்கு எப்போதும் போராடிப் பெற்றதுதான். பொதுத் தெருவில் எவரும் நடக்கலாம் என்று சென்னை மாகாணத்தில் ஆணை வரவே 1924 ஆனது. அதற்குப் பிறகும் தனியார் பேருந்துகள் நம்மை ஏற்ற மறுத்தன. ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் உத்தரவிட வேண்டியிருந்தது. அன்று சாதியின் பெயரைச் சொல்லித் தடுத்தார்கள். 2020இல் விதியில் சாதி இல்லை. வண்டியும் செல்போனும் படிப்பும் யாரிடம் இருந்தன என்பதில் அது இருந்தது.

1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் ரயில் பயணிகளைச் சோதிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 2020இலும் அதே சட்டத்தைத்தான் எடுத்தார்கள். பயணிகளைத் தடுக்க அதிகாரம் தரும் சட்டத்தில், அவர்களுக்குப் பேருந்து விட வேண்டிய கடமையையும் எழுதச் சொல்வோம். வேலைக்கு விலக்கு தரும் நாளிலேயே வேலையாட்களுக்குப் பேருந்து வேண்டும். அனுமதிச் சீட்டை கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் சொல்லியும் பெற முடிய வேண்டும். அடுத்த நோய் வருவதற்குள் இவற்றைக் கேட்டு வாங்குவோம்.